ஒரே அலுவலகம், இரண்டு நீதி

நகராட்சியில் நிரந்தரப் பணியிலுள்ள பெண் எழுத்தருக்கு மகப்பேறு என்றால் சம்பளத்துடன் 12 மாத விடுப்பு. 2021 ஜூலை முதல் தமிழக அரசு வழங்கும் இந்த உரிமையை வரவேற்கிறோம். அதே நகராட்சியின் தெருவைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு? வயிறு தெரிந்ததும், "நாளையிலிருந்து வராதேம்மா" என்கிறார் மேஸ்திரி. கணக்கு முடிந்தது. அவர் பெரும்பாலும் நம் சேரிப் பெண்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும்தான். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பணம் அங்கிருந்து வரும். ஆனால் பிடித்த பணத்தை ஒப்பந்ததாரர் கட்டினாரா? அங்கேதான் சிக்கல்.

ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சட்டசபையில் பேசியது 1928-ல். நூறாண்டு நெருங்குகிறது.

ஒப்பந்ததாரரின் பில்லைப் பாஸ் செய்யும் முன், இ.எஸ்.ஐ. ரசீதையும் மகப்பேறு விடுப்புக் கணக்கையும் கேட்க நகராட்சி ஆணையர்களுக்கு என்ன தடை? மாவட்ட ஆட்சியர் இதை உத்தரவாகவே போட வேண்டும்.

மாணவர்களே, உங்கள் அம்மாவோ அக்காவோ இந்த வேலையில் இருந்தால், அவர்களின் இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி, சந்தா ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.