துறைமுக நகரில் ஒரு மாலை



கரிசல் மண்ணையும் வெடிமருந்து வாசனையையுமே அறிந்த சிவகாசிப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற விடுமுறையில் மதரஸா மாணவர் பன்னிருவருடன் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி சென்றேன்.

அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். 1713-இல் எழுந்த பனிமய மாதா ஆலயத்தைக் கண்டோம். பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. மாலத்தீவுக்குக் காய்கறிகளும் கட்டுமானப் பொருள்களும் இன்றும் இங்கிருந்து தோணிகளில் செல்கின்றன.

"பெரிய அலையே இல்லையே, ஹஜ்ரத்!" என்றான் ஒருவன். மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன என்று விளக்கினேன்.

பின்னர் ரோச் பூங்காவில் அமர்ந்து கப்பல் கதையைச் சொன்னேன். தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி வெள்ளையர் கம்பெனியின் பிடியில் இருந்த காலம். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கொன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கினார். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

"அப்படியானால் சேட்டுக்கு நஷ்டம்தானே, ஹஜ்ரத்?" என்று கேட்டான் ஒரு மாணவன். பட்டாசுத் தொழிலாளியின் மகன், நன்றாகப் படிப்பவன். வீட்டு வறுமையால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அச்சகத்தில் வேலைக்குச் சேரவிருப்பவன்.

"கணக்கேட்டில் நஷ்டம்தான் தம்பி. ஆனால் நம்மவராலும் கப்பல் ஓட்ட முடியும் என்பதை அந்தப் பணம் நாட்டுக்குக் காட்டியது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இவ்வூர்த் துறைமுகம் 2011 முதல் சிதம்பரனார் பெயரையே தாங்கி நிற்கிறது" என்றேன்.

அவன் சற்று நேரம் கடலையே நோக்கியிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "நம் ஊரில் அப்படியொரு சேட் இருக்கிறாரா, ஹஜ்ரத்?"

நான் வாயடைத்துப் போனேன். திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வியே என்னுடன் வந்தது.

செல்வம் படைத்த சகோதரர்களே! கப்பல் வாங்க உங்களை அழைக்கவில்லை. உங்கள் தெருவில் இவ்வாண்டு படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே போடும் முதலாக அது இருக்கட்டும்.

அச்சிறுவனின் கேள்விக்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது.