திருப்புட்குழியில் ஒரு மறுமொழி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி உள்ளடங்கி அமைந்திருக்கிறது திருப்புட்குழி. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய திவ்யதேசம். விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் எழுந்தருளியுள்ள தலம். வறுத்த பயறும் தாயாரின் திருவருளால் முளைக்கும் என்னும் நம்பிக்கையோடு மகப்பேறு வேண்டி வரும் பெண்கள் இன்றும் உண்டு. அவ்வாறு வேண்டிப் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து, ஓர் அரையாண்டுப் பரிமாற்றப் படிப்புக்கோ முதுகலைப் பட்டத்திற்கோ கடல் கடக்குமுன் கோயில்களில் வந்து வணங்கி நிற்கும் காலம் இது. உடல்நலமும் நல்ல துணையும் வேண்டிப் பெற்றோர் அர்ச்சனை செய்கின்றனர். இன்னொன்றையும் சேர்த்து வேண்டத்தக்க ஊர் திருப்புட்குழி. அயலிடத்தில் கண்டனமோ பழியோ வந்துற்றால், பணிவு குன்றாமல் வாய் திறந்து பேசும் திறமே அது.

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இளைய ஆழ்வார், பின்னாளில் உலகம் போற்றிய இராமாநுசர், வேதாந்தம் பயில்வதற்காகச் சொந்த ஊரை விட்டு வந்து யாதவப்பிரகாசரை அடுத்தது இங்குதான் என்பது குருபரம்பரை வழக்கு. ஆசிரியரோ பெரும் புலவர். மாணவர் பலர் சூழ வாழ்ந்தவர். ஒருநாள் அவருக்கு இளைய ஆழ்வார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது வேறொரு மாணவர் சாந்தோக்ய உபநிடதத்தில் வரும் ‘கப்யாஸம்’ என்னும் சொல்லின் பொருளை வினவினார். பரம்பொருளின் திருக்கண்களுக்கு உவமை கூறும் இடம் அது. யாதவப்பிரகாசர் அச்சொல்லைக் குரங்கின் பின்புறத்தோடு இயைத்துப் பொருள் உரைத்தார். இளைய ஆழ்வாரின் கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடைமேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தவர் காரணம் கேட்டார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவ்விடத்தில் சொல்லும் விடை “ஒன்றுமில்லை, ஐயா” என்பதே. இளைய ஆழ்வார் அவ்வாறு சொல்லவில்லை. எம்பெருமானின் கண்களுக்கு இத்தகைய உவமையைக் கேட்க நெஞ்சு பொறுக்கவில்லை என்று தம் வருத்தத்தை மறைக்காமல் கூறினார். அதோடு நிறுத்தவுமில்லை. நீரைப் பருகுவது என்னும் பொருளில் ‘கபி’ கதிரவனைக் குறிக்கும். கதிரவனால் மலர்த்தப்பட்ட தாமரை போன்ற கண்கள் என்று கொள்ளலாமே எனச் சொல்லிலக்கணம் காட்டி மாற்றுப் பொருளை முன்வைத்தார். ஆசிரியரின் புலமையையோ குணத்தையோ பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேச்சு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதே. தைத்திரீய உபநிடதம் பிரம்மத்தை வரையறுக்கும் இடத்திலும் இதே போன்ற கருத்து வேற்றுமை எழுந்தது. அங்கும் அவர் காரணத்தோடு பேசினார்.

பெரியோர்முன் மறுத்துப் பேசுவது அடக்கமின்மை என்று கருதும் வீடுகள் நம்மிடையே பல. எதிராசர் என்று போற்றப்படும் ஆசார்யரின் இளமையே அக்கருத்துக்கு எதிர்ச்சான்றாக நிற்பதை அவ்வீடுகள் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் பேசியபோது எண்ணெய்க் கிண்ணம் கையில்தான் இருந்தது. தொண்டும் மறுப்பும் ஒரே கையில் இருக்க முடிந்தது.

இந்தத் திறம் இல்லாத மாணவர் வெளிநாட்டில் படும் துன்பம் சிறிதன்று. நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆசிரியர் குறையை நேருக்கு நேர், பூசி மெழுகாமல் சொல்வது இயல்பு. “இந்தக் கட்டுரையில் வாதமே இல்லை” என்று வகுப்பில் கூறினால், அது கட்டுரையைப் பற்றிய கருத்து மட்டுமே. நம் மாணவரோ அதைத் தம் குலத்துக்கும் குடும்பத்துக்கும் நேர்ந்த இழிவாகக் கொண்டு, தலையைக் கவிழ்த்து, அறைக்குள் அடைந்துவிடுகிறார். அவர் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: “எந்தப் பகுதியில் வாதம் தளர்கிறது என்று காட்ட இயலுமா?” அதற்கு அந்த ஆசிரியர் மகிழ்ந்தே விடை சொல்வார். கருத்து வேற்றுமையை வெளிப்படுத்துவதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதும் கல்விக்கூடங்கள் அவை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆமோதிக்கும் நம் வழக்கமும் அங்கே குழப்பத்தையே விளைவிக்கும். இசைவோ மறுப்போ, வாயால் சொல்லிவிடுதல் நலம்.

கண்டனம் வேறு, குற்றச்சாட்டு வேறு. பிறர் எழுத்தைப் படியெடுத்ததாக ஒரு மாணவர்மீது ஐயம் எழுந்து, விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது என்று கொள்வோம். அச்சத்தால் “மன்னிக்க வேண்டும்” என்று உடனே எழுதிவிடுபவர் உண்டு. இங்கே பணிவின் அடையாளமான அச்சொல், அங்கே ஒப்புதலாகப் பதிவாகிவிடும். நம்மூரிலும் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்றுதானே சொல்கிறோம்! எந்த விதியின்படி குற்றம் சாட்டப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், விடையளிக்கக் காலம் கேட்பதும், தம் குறிப்பேடுகளையும் முந்தைய வரைவுகளையும் எடுத்து வைப்பதும் உரிமையே, அடாவடி ஆகாது. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கங்களே இத்தகைய நேரங்களில் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. தவறு உண்மையிலேயே நேர்ந்திருந்தால் அதை நேரே ஒப்புக்கொள்வதும் இந்தத் திறத்தில் அடங்கும்.

உடன் தங்குவோரோடு எழும் பூசல்கள் இன்னும் நுண்ணியவை. தாளிப்பின் மணத்தை அறைத்தோழர் நாள்தோறும் ஏளனம் செய்கிறார். ஒரு திங்கள் பொறுத்துப் பின் ஒருநாள் சீறுவதைக் காட்டிலும், முதல் வாரத்திலேயே அமைதியாக, “என் உணவைப் பரிகசிப்பது எனக்கு வருத்தம் தருகிறது, அதை நிறுத்துங்கள். மணம் தொல்லையாயின் சன்னலைத் திறந்து சமைக்கிறேன்” என்று சொல்லலாம். நடந்தது, அதனால் விளைந்த வருத்தம், வேண்டும் மாற்றம் ஆகிய மூன்றும் அதில் வந்துவிட்டன.

திருப்புட்குழியின் பெயரிலேயே இதற்கு இன்னொரு சான்று உறைகிறது. புள் என்பது ஜடாயு. அப்பறவையரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். ஜடாயுவின் போரையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வான்மீகத்தில் அவர் முதலில் எடுத்தது சொல். தாம் யார் என்பதை அறிவித்து, பிறர் மனைவியைக் கவர்வது அரசர்க்கு அடாது என்று எடுத்துரைத்து, சீதையை விட்டுவிடுமாறு இராவணனிடம் கேட்டார். சொல் பயனற்றுப் போன பிறகே சிறகை விரித்தார்.

சொல் பயன்படாத இடங்கள் மாணவர் வாழ்விலும் உண்டு. இளைய ஆழ்வாரின் வரலாறு அதையும் மறைக்கவில்லை. காசி யாத்திரையின் பெயரால் அவரைக் கொல்லச் சூழ்ச்சி நடப்பதை உறவினரான கோவிந்தர் விந்தியக் காட்டில் அறிவித்தபோது, அவர் வாதம் புரிய நிற்கவில்லை. உடனே விலகினார். வேடுவத் தம்பதியாய் வந்த பேரருளாளனும் பெருந்தேவியும் வழித்துணையாகிக் காஞ்சி சேர்த்தனர். மிரட்டல், தாக்குதல், பாலியல் தொல்லை, பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்தல் போன்றவை நேரும்போது சமாதானம் பேசிக்கொண்டிருத்தல் கூடாது. அவ்விடத்தை விட்டு அகன்று, காவல்துறையையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் அணுக வேண்டும். இந்தியத் தூதரகத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்வது நன்று. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் முறையீடு செய்யலாம். காடு வரை உடன் வந்து எச்சரிக்கும் ஒரு கோவிந்தரையும் ஒவ்வொரு மாணவரும் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

பேசவே வாய்ப்புத் தராத சபைகளும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், தம் 24-ஆம் வயதில், 1935 ஜனவரி 11 அன்று லண்டன் இராயல் வானியல் கழகத்தில் வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று விளக்கினார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர், அக்கருத்தை எள்ளி நகையாடினார். சபையும் சேர்ந்து சிரித்தது. இளைஞருக்கு அங்கே மறுமொழி கூற இடம் கிட்டவில்லை. அவர் தம் முடிவைக் கைவிடவில்லை. எடிங்டனைத் தூற்றவும் இல்லை. பிற இயற்பியலாளர்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். 1939-இல் வெளியிட்ட நூலில் தம் கணக்கை முழுமையாக எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆய்வுக்குச் சென்றார். எடிங்டனோடு நட்பு நீடித்தது. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவரைப் பெரிதும் புகழ்ந்து பேசினார் சந்திரசேகர். நோபெல் பரிசு 1983-இல் வந்தது. நீண்ட காத்திருப்புத்தான், இதனை எளிதென்று எவரும் சொல்லிவிட முடியாது.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. நள்ளிரவில் தொலைபேசியில் மகளின் குரல் தழுதழுக்கும்போது, “வம்பு வேண்டாம், பொறுத்துக்கொள், படிப்பை முடித்துவிட்டு வா” என்பதே முதல் சொல்லாக வருகிறது. அவள் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “நீ அவர்களிடம் என்ன சொல்ல எண்ணுகிறாய்? என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்” என்று கேட்கலாம். சொல்லிப் பழகிய வாக்கியம் மறுநாள் நடுக்கமின்றி வரும்.

யாதவப்பிரகாசர் இளைய ஆழ்வாரைத் தம்மிடமிருந்து விலக்கினார். ஆண்டுகள் பல சென்றபின், முதுமையில், தாயாரின் அறிவுரையை ஏற்று, அதே மாணவரின் திருவடிகளை அடைந்தார். கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றுத் துறவறம் பூண்டார். ‘யதிதர்ம சமுச்சயம்’ என்னும் நூலை அவர் இயற்றியது அதன் பின்னரே.