கக்குவான் ஊசி கர்ப்பிணிக்கும் வேண்டும்

“பிள்ளைக்கு வர்ற நோய்க்கு எங்க வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா ஊசி?” கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலை பார்த்த ஊர்களில் இப்படிக் கேட்காத மாமியார் குறைவு. நியாயமான கேள்விதான்.

கர்ப்பிணிக்கு நாங்கள் போடும் ரணஜன்னி ஊசியையே பாருங்கள். ரணஜன்னிக் கிருமி தொப்புள்கொடி அறுத்த புண் வழியாக ஏறும். பிறந்த சில நாளிலேயே பிள்ளை வாய் திறந்து பால் குடிக்க முடியாமல் விறைத்துப்போகும். பிறந்தவுடன் பிள்ளைக்கே ஊசி போட்டாலும், அதன் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்குவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் முன்கூட்டியே தாய்க்குப் போடுகிறோம். அவள் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம் போகும். குறைமாதப் பிள்ளைகள் சட்டென்று நோயில் விழ இதுவும் ஒரு காரணம். இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும்தான், பச்சிளங்குழந்தை ரணஜன்னியை ஒழித்த நாடு என்று 2015இல் இந்தியா பெயர் வாங்கியது.

தாய்ப்பாலிலும் இந்தக் காவல் உண்டு. குன்றிமணி நஞ்சுக்குப் பழக்கிய தாயெலியிடம் குடித்து வளர்ந்த குட்டிகள் அந்த நஞ்சைத் தாங்கின என்று ஜெர்மானிய அறிஞர் எர்லிக் 1892இலேயே காட்டினார்.

இன்று கேட்க வந்தது கக்குவான் இருமலைப் பற்றி. அரசு அட்டவணைப்படி அதற்கான முதல் தடுப்பூசி பிறந்து 6 வாரம் ஆன பிறகுதான். அதற்குள் தொற்றினால் பிள்ளைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது. மூச்சு நின்று நீலம் பாரித்துவிடும். 2012இல் இங்கிலாந்தில் இந்த நோய் பரவிக் கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. தாய் தருவது இரவல்தான், சில மாதத்தில் கரைந்துவிடும். ஆனால் அந்த ஆபத்தான வாரங்களைத் தாண்ட அது போதும்.

நம் ஊரிலும் தனியார் மருத்துவமனைகளில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த டீடாப் ஊசி கிடைக்கிறது, காசுள்ளவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் ஊசியில் கக்குவான் மட்டும் இல்லை. விலை கூடத்தான் செய்யும். ஆனால் இப்போது போடும் ஊசிகளில் ஒன்றுக்குப் பதிலாக இதைப் போட்டால் போதும். கர்ப்பிணிக்குக் கூடுதலாக ஒரு குத்துக்கூட இல்லை. செவிலியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், குளிர்பெட்டியும் இருக்கிறது. அரசு இதை இலவசமாகத் தர வேண்டும்.