சிந்தனையற்றவர்கள் யார்?

தமிழ்நாட்டு அரசின் காகிதங்களில் ஒரு பட்டம் பல ஆண்டுகளாக உலவி வருகிறது. "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்பது அந்தப் பட்டம். மருத்துவர்கள் ஆட்டிசம் என்று குறிப்பிடும் தன்மையுள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சூட்டப்பட்டது இது.

நாலு வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை இடுப்பில் சுமந்து, ஒரு நாள் கூலியை இழந்து, ஒரு தாய் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தவள் அவள். அவளுக்குக் கிடைக்கும் முதல் பதில் என்ன? உன் பிள்ளைக்கு வெளியுலகச் சிந்தனை கிடையாது. அவன் மதி இறுகிப் போனது! இந்தப் பதிலைத்தான் அந்தப் பட்டம் அவள் கையில் கொடுத்தனுப்புகிறது.

இந்தப் பட்டத்தை ஏற்க நாம் மறுக்கிறோம். காதுக்கு இனிமையாக இல்லை என்பதற்காக அல்ல. இது பொய் என்பதற்காக.

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைப் பாருங்கள். சட்டைக் கழுத்திலுள்ள துணிச்சீட்டு உறுத்துகிறதென்று சட்டையையே கழற்றி எறியும் குழந்தையைப் பாருங்கள். வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால் நடுங்கிப்போகும் குழந்தையைப் பாருங்கள். இவர்களா வெளியுலகச் சிந்தனை அற்றவர்கள்? வெளியுலகம் இவர்களுக்குள் தடையின்றிப் புகுந்து இவர்களை அலைக்கழிக்கிறது. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேடே ஒப்புக்கொண்டுவிட்டது. நமது காகிதங்கள் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

பெயரில் என்ன அரசியல்?

"இது வெறும் மருத்துவச் சொல். இதிலுமா உங்கள் வர்க்க அரசியல்?" என்று சில கனவான்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சொல்லின் சரித்திரமே பதில் சொல்லட்டும்.

கிரேக்க மொழியில் "தான்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆட்டிசம் என்ற வார்த்தையை 1911ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிளாய்லர் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவர். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள்ளேயே ஒடுங்கிப் போவதைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். அந்த இரவல் சொல்லை எடுத்து, 1943ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளுக்குச் சூட்டினார். குழந்தைகளை அவர் கூர்ந்து கவனித்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பெற்றோரைப் பற்றி அவர் என்ன எழுதினார்? படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள், பாசத்தில் குளிர்ந்தவர்கள் என்று எழுதினார். குழந்தைகள் குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டது போல வளர்ந்தார்கள் என்று 1949ல் உவமையும் சொன்னார்.

ஏன் எல்லாரும் படித்த குடும்பங்களாக இருந்தார்கள்? பால்டிமோரில் பெயர்பெற்ற நிபுணரின் வாசலை எட்டக் காசும் செல்வாக்கும் அவர்களிடம்தான் இருந்தன. இதே தன்மையோடு பிறந்த சுரங்கத் தொழிலாளியின் மகனும், பருத்திக்காட்டு நீக்ரோ கூலியின் மகளும் "மந்தபுத்தி" என்று முத்திரை குத்தப்பட்டு மூலையில் தள்ளப்பட்டார்கள். இங்கிலாந்தில் லோர்னா விங் என்ற மருத்துவர், ஆட்டிசமுள்ள பெண்ணைப் பெற்ற தாய், 1980ல் இந்தக் கட்டுக்கதையை உடைத்தார். ஒரு வட்டாரத்திலுள்ள குழந்தைகளை முழுதாகக் கணக்கெடுத்துப் பார்த்தால், எல்லா வர்க்கத்திலும் இது இருக்கிறது என்று காட்டினார். வர்க்கம் குழந்தையின் மூளையில் இல்லை. டாக்டரின் வாசலில் இருந்தது!

அதற்குள் எத்தனை தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள்! சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் எழுதிய புத்தகத்தில், குழந்தை இல்லாமல் போகட்டும் என்று பெற்றோர் உள்ளூர விரும்புவதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்றார். ஹிட்லரின் சிறைமுகாம்களில் அடைபட்டு மீண்ட இந்த மனிதர், இந்தக் குழந்தைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அப்படியானால் அந்த முகாமின் காவலர் யார்? பெற்ற தாய்! 1969ல் கானர் ஒரு பெற்றோர் மாநாட்டுக்கு வந்து, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். குற்றம் சாட்டியவரே நீதிபதியாகி விடுதலையும் வழங்குகிறார்! பழி சுமந்து கழிந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுப்பது யார்?

வியன்னாவும் மாஸ்கோவும்

இதைவிடக் கொடிய அத்தியாயம் வியன்னாவில் நடந்தது. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944ல் எழுதிய கட்டுரை பிற்காலத்தில் புகழ்பெற்றது; அவர் பெயரிலேயே ஒரு நோய்க்குறி 1994ல் அமெரிக்கக் கையேட்டில் ஏறியது. குழந்தைகளை நாஜிகளிடமிருந்து காத்த கருணாமூர்த்தி என்று அவரைக் கொண்டாடினார்கள். 2018ல் ஹெர்விக் செக் என்ற ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் பழைய கோப்புகளைப் பிரித்துக் காட்டியபோது வேஷம் கலைந்தது. ஆம் ஸ்பீகல்கிரண்ட் என்ற குழந்தைகள் கொலைக்கூடத்துக்குக் குழந்தைகளை அனுப்பும் காகிதங்களில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இடத்தில் மாண்ட குழந்தைகள் 789 பேர்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு கை கெட்டிக்காரப் பையன்களை நாட்டுக்கு உபயோகமானவர்கள் என்று பரிந்துரைத்தது. அதே கை உபயோகமற்றவர்கள் என்று கருதப்பட்டவர்களைக் கொலைக்கூடத்துக்கு அனுப்பியது. மனிதனை உபயோகத்தால் நிறுக்கும் தராசு எங்கே தொங்குகிறதோ, அங்கே ஒரு தட்டில் பாராட்டு இருக்கும். மறு தட்டில் மரணம் இருக்கும்.

கானருக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1925ல், மாஸ்கோவில் குரூனியா சுக்கரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். மருத்துவமும் பள்ளியும் சேர்ந்தே நடந்த இடத்தில் அவர்களோடு நாட்களைக் கழித்து, இன்றைய கையேடு சொல்லும் அடையாளங்களில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தார். 1926ல் அது ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! ஆங்கிலத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பும் மேதாவிகளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாமல் போனதில் வியப்பென்ன?

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தின் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். அதே சோவியத் நாட்டில் பிற்காலத்தில் எத்தனையோ குழந்தைகள் "கற்பிக்க இயலாதவர்கள்" என்று வகைப்படுத்தப்பட்டு, மூடிய விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சுக்கரேவா தொடங்கிய பாதை அதுவல்ல. சுயவிமர்சனம் செய்யாதவனுக்குப் பிறரை விமர்சிக்க உரிமையில்லை.

தராசு இன்று யார் கையில்?

இன்று அந்தத் தராசு சந்தையில் தொங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் லோவாஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1987ல் வெளியிட்ட ஆய்வில், 19 சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. தண்டனையாகத் தொடையில் அடிப்பதும் அந்த முறையில் சேர்ந்திருந்தது. மற்றக் குழந்தைகளிடமிருந்து வேறுபாடு தெரியாதபடி மாற்றுவதே வெற்றி எனப்பட்டது. மே தினத் தியாகிகள் எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்தார்கள். இங்கே நாலு வயதுக் குழந்தைக்கு வாரம் 40 மணி நேரம், ஓர் ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம்! அதுவும் கைகளை ஆட்டாமல் இருக்கவும், கண்ணைப் பார்க்கவும்!

மணிக்கணக்கு இருந்தால் பில் உண்டு; பில் இருந்தால் முதலாளி வருவான். 2018ல் பிளாக்ஸ்டோன் என்ற நிதி மூலதனப் பூதம் அமெரிக்காவின் மிகப் பெரிய ஆட்டிசப் பயிற்சி நிறுவனங்களில் ஒன்றை விலைக்கு வாங்கியது. பல மாநிலங்களில் மையங்கள் மூடப்பட்டன. 2023ல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நடுத்தெருவில் நின்றவர்கள் குழந்தைகளும் தாய்மார்களும்.

சந்தை பேசியதை 2025ல் சர்க்காரே பேசியது. ஏப்ரல் மாதம் அமெரிக்க சுகாதார மந்திரி கென்னடி, இந்தக் குழந்தைகள் ஒருநாளும் வரி கட்ட மாட்டார்கள், வேலை பார்க்க மாட்டார்கள் என்று ஒப்பாரி வைத்தார். எதிர்ப்புக் கிளம்பியதும், கடுமையான நிலையில் உள்ளவர்களைத்தான் சொன்னேன் என்று சமாளித்தார். அதாவது, பேசாத பிள்ளையை அப்படிச் சொல்வது சரியாம்! செப்டம்பரில் அவரும் டிரம்ப்பும் வெள்ளை மாளிகையில் நின்று, கர்ப்பிணிகள் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை மீது பழி போட்டார்கள். 24 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்வீடன் குழந்தைகளை ஆராய்ந்து, ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்று 2024லேயே ஆய்வு வெளிவந்திருந்தது. அன்று தாயின் பாசத்தில் குற்றம். இன்று தாய் விழுங்கிய மாத்திரையில் குற்றம். பழைய கள், புதிய மொந்தை!

இன்னொரு ஏமாற்று

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. "ஊனமே இல்லை, வெறும் வித்தியாசம். இவர்கள் எல்லாரும் மேதைகள்" என்று புகழ்கிறார்கள். 2013 முதல் பன்னாட்டுக் கணினிக் கம்பெனிகள் சில, ஆட்டிசமுள்ளவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு அமர்த்துகின்றன. வேலை கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் யாரைப் பொறுக்குகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று கேட்கிறோம். கணக்கில் புலியாக இருப்பவன் மேதை. பேச்சு வராமல், இருபது வயதிலும் அம்மாவின் கையால் சாப்பிடுகிறவனுக்கு அந்தப் புகழ்ச்சியில் எந்த வரி? மறுபடியும் அதே உபயோகத் தராசு. பூச்சு மட்டும் புதிது!

அடையாளமே வேண்டாம் என்பதும் நம் கட்சியல்ல. சான்றிதழ் ரேஷன் கார்டு போன்றது. அது பசியைத் தீர்க்காது, ஆனால் அது இல்லாவிட்டால் அரிசி கிடையாது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. போராடிப் பெற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. கொடுத்தது எவ்வளவு? சர்க்கார் வேலையில் 4 சதவீதத்தில் ஒரே 1 சதவீதம். அதையும் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் ஆகியவற்றோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்!

அந்தச் சான்றிதழுக்காகக் குழந்தையை அளக்கும் அளவுகோலில் 40 கேள்விகள்; மதிப்பெண் 70க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை. கண்ணைப் பார்க்கிறானா, சிரிக்கிறானா, ஒதுங்கி நிற்கிறானா என்று கேட்கிறார்கள். அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் அடைக்கும் பள்ளிக்கூடம் அவனுக்காக ஒரு மூலையையாவது அமைதியாக வைத்திருக்கிறதா என்று கேட்க ஒரு கேள்வியும் இல்லை. குழந்தைக்கு 40 கேள்வி; சர்க்காருக்கு ஒன்றுகூடக் கிடையாதா?

அவர்கள் பேசுகிறார்கள், கேளுங்கள்

நூறாண்டுகளாக இவர்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இப்போது இவர்களே பேசுகிறார்கள். 1993ல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசமுள்ளவர் பெற்றோர்களை நோக்கி, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்றார். 2012ல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிசமுள்ள ஆய்வாளர் ஒரு எளிய உண்மையை எடுத்துவைத்தார். புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்துக் குறை அல்ல; அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை. ஆனால் சான்றிதழ் மட்டும் ஒரு பக்கத்துக்கே எழுதப்படுகிறது! எண்ணிக்கையில் அதிகமானவர்கள் கையில் பேனா இருப்பதுதான் காரணம்.

வாயால் பேசாதவர்களில் பலர் எழுத்தாலும் படத்தாலும் கருவியாலும் பேசுகிறார்கள். எதுவும் கைகூடாதவர்களும் அலறலாலும் மௌனத்தாலும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லத்தான் செய்கிறார்கள். நாம்தான் கேட்கப் பழகவில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்:

"புற உலகச் சிந்தனையற்ற" என்ற பொய்யைச் சர்க்கார் தன் காகிதங்கள் அனைத்திலிருந்தும் நீக்க வேண்டும். புதிய சொல்லை மந்திரி அலுவலகத்தில் உட்கார்ந்து உருவாக்கக் கூடாது. ஆட்டிசமுள்ளவர்களையும் அவர்களைப் பராமரிப்போரையும் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும். அதுவரை எல்லாருக்கும் தெரிந்த ஆட்டிசம் என்ற சொல்லே போதும்.

தாலுகா ஆஸ்பத்திரி தோறும் சர்க்கார் செலவில் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் வேண்டும். மணிக்கணக்கில் பில் போடும் கடைகளுக்கு ஏழையின் தாலியை அடகு வைக்கச் செய்யாதீர்கள்.

அருகிலுள்ள சர்க்கார் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது; அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியரை நிரந்தர வேலையில் நியமிக்க வேண்டும்.

அதிக உதவி தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கு உதவித்தொகை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே பேசுகிறது. பீடி சுற்றுவதையும் தையல் மெஷினையும் விட்டுவிட்டு, இரவும் பகலும் பிள்ளையைப் பார்க்கும் தாயின் வேலை கூலியில்லாத வேலை. அதற்கு வாழத் தகுந்த தொகை வேண்டும். "நான் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று அவள் கேட்பதற்குச் சர்க்கார் பதில் சொல்ல வேண்டும்.

தோழர்களே! உழைக்க முடிந்தவனுக்கு மட்டுமே சோறு என்பது முதலாளியின் சட்டம். தேவைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் என்பது நமது கொடியில் எழுதிய சட்டம். அந்தக் கொடியின் நிழலில் வரி கட்டாத பிள்ளைக்கும் இடம் உண்டு. பேசாத பிள்ளைக்கும் இடம் உண்டு. அவன் தெருவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது சிரிக்காமல், நம் ஊர்வலத்தின் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்து வைப்போம். அதிலிருந்தே தொடங்கலாம்.

வெளியுலகச் சிந்தனை அவனுக்கு உண்டு. அவனைப் பற்றிய சிந்தனைதான் வெளியுலகத்துக்கு இல்லை!