மைலேஜைக் கடிக்கும் டயோடு... மாற்று இருந்தும் ஏன் தயங்குகின்றன கார் நிறுவனங்கள்?

ஹெட்லைட், ஏசி ஃபேன், மியூசிக் சிஸ்டம், போன் சார்ஜர்... ஓடும் காரில் இதுக்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து வருது? பேட்டரி என்பதுதான் பலரின் பதில். ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். அதன்பிறகு எல்லாம் ஆல்டர்னேட்டர் தயவு. இன்ஜின் பெல்ட்டில் சுழலும் அதற்கும் பெட்ரோல்தான் தீனி.

1960-ல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும் சிலிக்கான் டயோடுதான் இதைச் சாத்தியமாக்கியது. இன்றும் ஏராளமான கார்களில் அதே டயோடு முறைதான். சிக்கலும் அங்கேதான்.

ஆல்டர்னேட்டரில் பிறக்கும் மின்சாரம் இரண்டு டயோடுகளைத் தாண்டித்தான் பேட்டரிக்கு வர வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 1 வோல்ட்டை விழுங்கிவிடும். வீட்டின் 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. காரில் இருப்பதோ வெறும் 14. 100 ஆம்பியர் ஓடினால் 200 வாட் சூடாகவே போய்விடும். இரண்டு 100 வாட் குண்டு பல்புகளை பானெட்டுக்குள் சும்மா எரியவிட்ட கதை!

டயோடு இருக்கும் இடத்தில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்சை வைத்தால்? 2 மில்லிஓம் மின்தடை கொண்ட மாஸ்ஃபெட் என்றால், அதே 100 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 40 வாட்தான். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இன்ஜின் வேகம் கூடும்போது ஆல்டர்னேட்டரால் கூடுதல் வோல்ட்டேஜில் அதிக பவர் தர முடியும். டயோடு அதை 14-லேயே கட்டிப்போடுகிறது. ஸ்விட்ச்களை வைத்து அந்தக் கட்டை அவிழ்த்தால், அதே சைஸ் மெஷினிலிருந்தே கூடுதல் மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டினார்கள்.

அப்புறம் என்ன தயக்கம்? மாஸ்ஃபெட்டும், அதை நொடி பிசகாமல் இயக்கும் சிப்பும் டயோடைவிட விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் மைலேஜ் சோதனை. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் இருந்த என்இடிசி சோதனையில் ஹெட்லைட், ஏசி எல்லாம் ஆஃப். மின்சாரமே பெரிதாகத் தேவைப்படாத சோதனையில் நல்ல ஆல்டர்னேட்டருக்கு எப்படி மார்க் விழும்? அதனால்தான் 2013-ல் வேலியோ நிறுவனத்தின் மாஸ்ஃபெட் ஆல்டர்னேட்டருக்கு ஐரோப்பிய ஆணையம் 'சூழல் புத்தாக்கம்' என்ற தனிச் சலுகை தர வேண்டி வந்தது.

சலுகை எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. சோதனையிலேயே லைட்டையும் ஏசியையும் ஆன் செய்துவிட்டால், நிறுவனங்கள் தானாகவே டயோடைக் கழற்றும். இப்போதைக்கு, மாஸ்ஃபெட் செலவு மிச்சமாவது நிறுவனத்துக்கு. அந்த 200 வாட்டுக்கான பெட்ரோல் பில் வண்டி ஓட்டுபவருக்கு.