தர்மகர்த்தாக்கள் யாவர்?

சர்வகலாசாலைகளில் நடைபெறும் ஆராய்ச்சிகளைப் பார்லிமெண்டுக்கும் மந்திரிகளுக்கும் எட்டச் செய்வதையே பணியாகக் கொண்ட தர்ம ஸ்தாபனங்கள் இங்கிலாந்தில் உள. அவற்றுட் சில, தம் நிர்வாக சபைக்குத் தர்மகர்த்தாக்களைப் பகிரங்க விளம்பரத்தின் மூலம் தேடுவதை நாம் வரவேற்கிறோம். பழைய வழக்கம் வேறு. தர்ம ஸ்தாபனக் கமிஷன் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தர்மகர்த்தாக்களில் மூவருக்கு இருவர் ஆடவர். பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர். உள்ளிருப்போரின் பரிச்சயத்தால் வந்தவரே அதிகம்.

எந்த ஆராய்ச்சி மந்திரியின் மேஜைக்குச் செல்லும், எது அலமாரியில் உறங்கும் என்பதில் இவர்கள் வகுக்கும் போக்கிற்குப் பங்குண்டு. பேராசிரியரும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தருமே கூடியிருந்தால், கேள்வி கேட்டவரே விடையையும் மெச்சிக் கொள்வர். குடக்கூலிச் சட்டத்தைப் பற்றி சர்க்காருக்கு யோசனை கூறும் சபையில், குடக்கூலி கொடுத்து வாழ்பவர் ஒருவரேனும் வேண்டாமா?

அங்கே தர்மகர்த்தாவுக்குச் சாதாரணமாகச் சம்பளம் கிடையாது. ஒரு நாள் ஊதியத்தை இழந்து கூட்டத்திற்கு வர ஏழைக்கு எவ்வாறு இயலும்? ஆயினும் பிரயாணச் செலவையும், குழந்தைகளைப் பிறர் பொறுப்பில் விட்டு வருவதற்கு ஆகும் செலவையும் கொடுக்கச் சட்டம் இடந்தருகிறது. வக்கீல் தொழில் பயின்ற நாம் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். விளம்பரத்தின் முதல் வரியிலேயே இதை அச்சிடட்டும்.