கேஸ் எடுத்த சாணம் சக்கையா?

"கேஸ் எடுத்தாச்சுன்னா சாணத்துல என்ன இருக்கு? வெறும் சக்கை." சாண எரிவாயுக் கலன் பற்றிப் பேச்செடுத்தால் மாடு வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் பதில் இது. கலன் கட்டியவர்களிலேயே சிலர் இதை நம்பி, வெளிவரும் ஸ்லரியைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள்.

கேஸோடு எது போகிறது? அதில் பெரும்பங்கு மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் தவிர இவ்விரண்டிலும் வேறெதுவும் கிடையாது. கந்தகம் துளி போகும். அழுகிய முட்டை வாடை அதனால்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஏறக்குறைய முழுசாகக் கலனுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கணக்குப் போட்டும் பார்க்கலாம். 50 கிலோ பச்சைச் சாணம் சுமார் 2 கன மீட்டர் கேஸ் தரும். அதன் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. ஈரம் நீக்கினால் அந்தச் சாணத்தில் திடப்பொருள் சுமார் 10 கிலோ. குறைவது அதில் கால் பங்குதான்.

"அந்தக் கால் பங்கு கார்பன்தானே மண்ணுக்கு வேண்டியது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் குப்பைக்குழியில் போட்டாலும் எளிதில் மட்கும் கார்பனை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். குழி மாதாமாதம் அமுங்குவது அதனால்தானே? அங்கே போகும் கார்பன் யார் வீட்டு அடுப்பையும் எரிப்பதில்லை. மட்க மறுக்கும் நார்ப்பகுதி கலனிலும் பெரும்பாலும் சிதையாமல் ஸ்லரியோடு வயலுக்கு வருகிறது. இவ்வளவு பேசுகிறவர்கள் வறட்டி தட்டுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வறட்டி எரிந்தால் கார்பனோடு தழைச்சத்தும் புகையாகிவிடும், மிஞ்சுவது சாம்பல்.

"போட்டுப் பார்த்தேன், பயிர் பச்சை கட்டவே இல்லை" என்பது அனுபவப் பேச்சு. அதைத் தள்ளிவிட முடியாது. கலனுக்குள் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனிய வடிவத்துக்கு மாறுகிறது. பயிர் அதை உடனே எடுத்துக்கொள்ளும். திறந்து கிடந்தால் அம்மோனியா வாயுவாகப் பறந்தும் போய்விடும். வாரிப்போட வசதி என்று ஸ்லரியை வெயிலில் பரப்பிக் காயவைக்கிறோம். காய்வதற்குள் அந்தப் பங்கில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. அங்கேதான் அது சக்கையாகிறது. பழி மட்டும் கலன் மேல்.

எதிர்முனைப் பொய்யும் ஒன்று உலவுகிறது: கலனில் போட்டால் சத்து இரட்டிப்பாகுமாம். கலன் சத்தை உண்டாக்காது. திடப்பொருள் சுருங்குவதால் உலர் எடையில் சத்தின் சதவீதம் கூடித் தெரியும், அவ்வளவுதான். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் குறையும். வீட்டுக் கலனின் மிதமான சூட்டில் அடியோடு அழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் மாட்டுச் சாணத்துக்கு. 2018-இல் தொடங்கிய 'சதத்' என்ற மத்திய அரசின் எரிவாயுத் திட்டத்தின் கீழ் வரும் பெரிய எரிவாயு ஆலைகளில் சர்க்கரை ஆலைக் கழிவு, நகரக் குப்பை எனப் பலவும் மூலப்பொருள். அவற்றிலிருந்து வரும் உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகையை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. அந்த உரத்தை வாங்குபவர்கள் பரிசோதனை அறிக்கை கேட்டு வாங்குங்கள்.

சொந்தக் கலன் வைத்திருப்பவர்கள் ஸ்லரியைப் பாசன நீரோடு கலந்து விடுங்கள், முடிந்தால் மாலையில். அன்றைக்கே விட வழியில்லையென்றால் வைக்கோலும் சருகும் போட்ட குழியில் ஊற்றி, நிழல் பார்த்து மூடி வையுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள்.